பதில் வராவிட்டால் சம்மதம்

எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் ‘பிரேக் அக்கா’தான். அவரைவிடப் பத்து வயது மூத்த ஸ்டோர் சார்கூட வாய் கூசாமல் அப்படித்தான் கூப்பிடுவார். பெயரைக் காதில் வாங்கிய கூரியர்காரர் ஒருவர், இவர் வண்டி பழுது பார்ப்பவர் என்று நினைத்துத் தன் ஸ்கூட்டரின் பிரேக் ஒயரைப் பற்றி யோசனை கேட்டார். அக்கா சளைக்கவில்லை. படியிறங்கிப் போய்ப் பார்த்து, “அறுந்துபோற மாதிரி இருக்கு, இன்னிக்கே மாத்திருங்க” என்று சொல்லிவிட்டுத்தான் மேலே வந்தார். அவருடைய கணவர் டவுன் பஸ் ஓட்டுநர். “எங்க வீட்ல ரெண்டு பிரேக். அவரோடது கால்ல, என்னோடது கைல” என்று தானே சொல்லித் தானே சிரித்துக்கொள்வார்.

நாங்கள் செய்வது ஆஸ்பத்திரி வார்டுகளுக்கான அழைப்பு மணிப் பலகை. படுக்கையில் இருப்பவர் பொத்தானை அழுத்தினால் அந்த அறையின் வாசலுக்கு மேலே விளக்கு எரியும். குளியலறையில் தொங்கும் சிவப்புக் கயிற்றை இழுத்தால் நர்ஸ் மேசையில் மணி அடிக்கும். பெரிய கம்பெனி என்று நினைத்துவிட வேண்டாம். கீழே பேட்டரிக் கடை, நடுவில் நாங்கள், மேலே கட்டட உரிமையாளர் துணி காயப்போடும் மொட்டை மாடி. மொத்தம் பதினோரு பேர். அதில் என் வேலை சோதனை. மற்றவர்கள் பாடுபட்டு எழுதியதை எடுத்து, எங்கே ஓட்டை என்று பார்ப்பது. மாமியார் வேலை என்று கிண்டல் செய்வார்கள். குற்றம் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்கும் மாமியார் நான் ஒருத்திதான்.

அக்காவுக்கு அந்தப் பெயர் வந்த கதையைச் சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் தொழில் பேச வேண்டும். பயப்பட வேண்டாம், கொஞ்சம்தான். நிரல் எழுதுகிறவர்களிடம் ஸ்விட்ச் என்று ஒரு சங்கதி உண்டு. இந்த நிலை வந்தால் இதைச் செய், அந்த நிலை வந்தால் அதைச் செய் என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக்கொண்டு போவது. கேட்க எளிது. ஆனால் பல கணினி மொழிகளில் அதற்குள் ஒரு குழி இருக்கிறது. ஒவ்வொரு நிலையும் முடியும் இடத்தில் ‘பிரேக்’ என்று எழுதினால்தான் கணினி அங்கே நிற்கும். எழுத மறந்தால் அடுத்த நிலைக்கு உரியதையும் செய்துவிட்டு, அதற்கும் அடுத்ததையும் செய்துவிட்டு, கேட்பாரில்லாமல் கீழே போய்க்கொண்டே இருக்கும். இதற்கு ஃபால்-த்ரூ என்று பெயர். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அக்கா இதைத் தன் கணவரின் பஸ்ஸை வைத்து விளக்குவார்.

“ஏறுற ஸ்டாப்ப மட்டும்தான் நாம சொல்றோம். எறங்கணும்னா பெல் அடிக்கணும். அடிக்கலைன்னா நேரா டிப்போதான்.”

யார் எழுதியதானாலும் அச்செடுத்து வைத்துக்கொண்டு, சிவப்புப் பென்சிலோடு உட்காருவார். பிரேக் இல்லாத இடத்தில் கீழ்நோக்கி ஓர் அம்புக்குறி. பக்கத்தில், ‘இங்க என்ன நெனச்சீங்க?’ அவ்வளவுதான். தப்பு என்று ஒருநாளும் எழுதியதில்லை. ஏன் என்று கேட்டேன்.

“தப்புன்னு எழுதினா பிரேக்கப் போட்டுட்டுப் போயிருவாங்க. நூத்துல தொண்ணூறு மறதிதான், ஒத்துக்கறேன். ஆனா மீதிப் பத்து பேரு வேணும்னே விட்டிருப்பாங்க. மேல உள்ள நிலைக்குக் கீழ உள்ளதும் சேர்ந்து நடக்கணும்னு நெனச்சிருப்பாங்க. எழுதாம விட்டத பாத்து மறந்தாங்களா, வேணும்னு விட்டாங்களான்னு நான் எப்படிக் கண்டுபிடிக்க? வெத்து இடம் பேசுமா? கேட்டாத்தான் தெரியும்.”

கேட்காமல் முடிவு செய்வது அக்காவுக்கு அடியோடு பிடிக்காது. அதற்கு வேரே வேறு இடத்தில் இருந்தது. ஒரு மழை நாளில், டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். அவர் அப்பா போன பிறகு, பெரிய அண்ணன் வீட்டு முன்னறையில் உடன்பிறந்தவர்கள் நான்கு பேரும் உட்கார்ந்தார்களாம். அம்மாவை யார் பார்த்துக்கொள்வது என்பது பேச்சு. பெரியவர், தன் வீடு மாடியில் இருக்கிறது, அம்மாவால் ஏற முடியாது என்றார். சின்ன அண்ணன், தனக்கு வருஷத்துக்கு ஒரு மாற்றல் என்றார். அடுத்தது அக்காவின் அக்கா; தன் வீட்டில் ஏற்கெனவே மாமனார் மாமியார் இரண்டு பேரும் இருக்கிறார்கள் என்றார். கடைக்குட்டி இவர். எல்லோரும் இவர் முகத்தைப் பார்த்தார்கள். இவர் திரைச்சீலையைப் பார்த்துக்கொண்டு, அம்மாவின் கட்டிலை எந்தப் பக்கம் போட்டால் காற்று வரும் என்று யோசித்துக்கொண்டிருந்தாராம். பெரிய அண்ணன் தொடையில் ஒரு தட்டுத் தட்டி, “அப்புறமென்ன, மௌனம் சம்மதம்!” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். திங்கள்கிழமை கட்டில் வந்து இறங்கியது.

“யாரும் பிரேக் போடல. வழிஞ்சு வழிஞ்சு எங்கிட்ட வந்து நின்னுருச்சு” என்று சிரித்தார் அக்கா. பிறகு சிரிப்பு நின்றது. “கேட்டிருந்தா சரின்னுதான் சொல்லியிருப்பேன். வாயத் தொறக்கறதுக்குள்ள முடிச்சுட்டாங்க. பதினோரு வருஷம் பாத்தேன், ஒரு நாள் அலுத்துக்கல. ஆனா அது நான் குடுத்ததா இல்லாம, அவங்க எடுத்துக்கிட்டதா ஆயிருச்சு பாரு. அதுதான் இன்னும் நெஞ்சுல நிக்குது.”

இப்படிப்பட்ட அக்காதான் அந்த மெயிலை எழுதினார் என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். எழுதினார். நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன்.

அதற்கு முன்கதை ஒன்று உண்டு. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒவ்வோர் ஆஸ்பத்திரியும் தன் வார்டில் மணியும் விளக்கும் தான் சொல்கிறபடிதான் நடக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது. ஒவ்வொன்றுக்கும் நாங்களே எழுதிக் கொடுத்தால் தாவு தீர்ந்துவிடும். அதனால் அந்தந்த ஆஸ்பத்திரி எலக்ட்ரீஷியனே எழுதிக்கொள்ளும்படி, பதினான்கே சொற்கள் கொண்ட ஒரு குட்டி மொழியை அக்கா மூன்று வாரத்தில் உருவாக்கினார். ‘கயிறு’, ‘பொத்தான்’, ‘மணி’, ‘விளக்கு’ என்று எல்லாம் புரிகிற சொற்கள். பிரேக்குக்குப் பதிலாக ‘நில்’. எழுதினால் நிற்கும், எழுதாவிட்டால் கீழே போகும். பெரிய மொழிகளில் இருந்த குழியை அப்படியே தன் குட்டி மொழியிலும் தோண்டிவிட்டார். பழக்க தோஷம். போதாக்குறைக்கு, எழுதுகிறவர் தன் மனதில் இருப்பதைக் குறிப்பாக எழுதி வைக்கவும் அதில் இடம் கிடையாது. அந்தக் காலத்துப் பலகையின் நினைவகம் அவ்வளவு சின்னது, குறிப்பெல்லாம் கொள்ளாது என்று விட்டுவிட்டார். அப்போது அது பெரிய விஷயமாக யாருக்கும் படவில்லை.

போன வருஷம் புதுப் பலகை வந்தது. மாற்றுவதற்கு முன், பத்தொன்பது ஆஸ்பத்திரிகளின் எலக்ட்ரீஷியன்களும் எழுதி வைத்திருந்த விதிக் கோப்புகளை வாங்கிச் சுத்தம் செய்யச் சொன்னார் மேனேஜர். அதிலும் நியாயம் இருந்தது. பல வார்டுகளில் தேவையில்லாமல் மணி அடித்துக்கொண்டே இருந்தது. தாகத்துக்குப் பொத்தானை அழுத்தினால்கூட மேசை மணி அலறும். நர்ஸ்கள் காதைப் பொத்திக்கொண்டு புகார் செய்தார்கள். அக்கா கோப்புகளைப் படித்தார். ‘நில்’ இல்லாத இடங்கள் ஐம்பத்தெட்டு. வழக்கம்போல ஐம்பத்தெட்டு அம்புக்குறிகள். வழக்கம்போல ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டு ‘என்ன நெனச்சீங்க’ என்று கேட்பதாகத்தான் இருந்தார். மேனேஜர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

“ஐம்பத்தெட்டு போனா? அடுத்த வெள்ளிக்கிழமை பலகை லாரில ஏறணும்மா.”

“அப்ப எப்படி சார் கேக்கறது?”

“ஒரே மெயில்ல லிஸ்டு போட்டு அனுப்புங்க. மறுப்பு இருக்கறவங்க சொல்லட்டும்.”

ஒவ்வோர் ஆஸ்பத்திரியின் அலுவலக முகவரிக்கும் அக்கா அனுப்பினார். எந்த ஆஸ்பத்திரியில் எந்த வரியில் ‘நில்’ சேர்க்கப்போகிறோம் என்ற பட்டியல், மரியாதையான நான்கு வரிகள். கடைசி வரி இது: ‘அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் பதில் வராவிட்டால் சம்மதமாக எடுத்துக்கொள்கிறோம்.’

அனுப்புவதற்கு முன் என்னிடம் காட்டினார். எழுத்துப் பிழை பார்க்கச் சொன்னார். ஒரு புள்ளி விட்டுப்போயிருந்ததைச் சொன்னேன். கடைசி வரி எனக்கு உறுத்தியது. யார் எழுதுகிறது, என்ன எழுதுகிறது என்று ஒரு கணம் தோன்றியது. மணி ஐந்தரை, எனக்கு ரேஷன் அரிசி வாங்கப் போக வேண்டும் என்பது போல ஏதோ ஒரு அவசரம். ஒன்றும் சொல்லவில்லை.

ஏழு ஆஸ்பத்திரிகள் பதில் போட்டன. பன்னிரண்டு போடவில்லை. பலகைகள் லாரியில் ஏறின. இரண்டு மாதம் பாராட்டு மழை. நர்ஸ்கள், காது திரும்ப வந்துவிட்டது என்றார்கள்.

மூன்றாவது மாதம், ஒரு மதியம், எலும்பு முறிவு வார்டு ஒன்றில் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் ஒருவர் குளியலறையில் விழுந்தார். இடுப்பில் அறுவை சிகிச்சை முடிந்து ஆறு நாள்தான் ஆகியிருந்தது. விழுந்தவர் தவழ்ந்து போய்க் கயிற்றை இழுத்தார். மேசையில் மணி அடித்தது. அந்த வார்டின் மேசை மணிக்கு அறை எண் காட்டும் வசதி இல்லை. மணி கேட்டதும் நர்ஸ் நடைகூடத்துக்கு வந்து, எந்த வாசலில் விளக்கு எரிகிறது என்று பார்த்துப் போவதுதான் அங்கே வழக்கம். நர்ஸ் வந்து பார்த்தார். இருபத்திரண்டு வாசல்களிலும் விளக்கில்லை. யாரோ தெரியாமல் இழுத்திருப்பார்கள் என்று மணியை அணைத்துவிட்டுப் போனார். இன்னொரு முறை அடித்தது. இன்னொரு முறை வந்து பார்த்தார். நாற்பது நிமிஷம் கழித்து, கூட்டிப் பெருக்க வந்த அம்மாதான் டீச்சரைக் கண்டுபிடித்தார். மணிக்கட்டு முறிந்திருந்தது, இடுப்பில் வைத்த ஸ்க்ரூ நகர்ந்திருந்தது. மறுபடி அறுவை சிகிச்சை.

விதிக் கோப்பின் தலையில் அந்த ஆஸ்பத்திரி எலக்ட்ரீஷியனின் பெயர் இருந்தது. எழுதியவர் பெயர் தலையில் இருக்க வேண்டும் என்பதும் அக்கா வைத்த விதிதான். ஆஸ்பத்திரி அவரை அன்றைக்கே வேலையிலிருந்து நிறுத்தி வைத்தது. விசாரணைக்கு நாள் குறித்து எங்களுக்கும் கடிதம் வந்தது.

மேனேஜர் பலகையின் பதிவுகளை எடுத்துப் பார்க்கச் சொன்னார். மூன்று மணி ஏழு நிமிஷத்துக்குக் கயிறு, மணி. விளக்கு இல்லை. கோப்பைத் திறந்தேன். பதினேழாவது வரி, ‘நில்’. அதற்குக் கீழேதான் விளக்கு. பழைய பிரதியைத் தேடி எடுத்தேன். பதினேழாவது வரியில் ஒன்றும் இல்லை. வெறும் இடம். அதாவது கயிறு இழுத்தால் மணி அடித்து, அப்படியே கீழே போய், பொத்தானுக்கு உரிய விளக்கையும் எரிய வைக்க வேண்டும் என்றுதான் அந்த மனிதர் எழுதியிருக்கிறார். வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறார். இரண்டையும் அச்செடுத்துக்கொண்டு போய் அக்கா மேசையில் வைத்தேன்.

அக்கா வெகுநேரம் பார்த்தார். பழக்கத்தில் கை சிவப்புப் பென்சிலை எடுத்தது. புதுத் தாளில், ‘நில்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் எழுதினார்: ‘இங்க நான் என்ன நெனச்சேன்?’

பிறகு என் பக்கம் திரும்பினார். “நீ படிச்சியே அந்த மெயில. உனக்கு ஒண்ணும் தோணலையா?”

“தோணுச்சுக்கா.”

“அப்புறம்?”

குனிந்துகொண்டேன்.

“நல்லாத்தான் இருக்கோம் ரெண்டு பேரும்” என்றார் அக்கா. அதில் கோபம் இருந்திருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மேனேஜர் கெட்டவர் இல்லை. பதினோரு குடும்பம் தன் தலையில் என்று நினைக்கிறவர். “ஐம்பத்தேழு சரியா இருக்கே, அதப் பாருங்க. நாம லிஸ்டு குடுத்தோம், டைம் குடுத்தோம், பதில் வரலைன்னா சம்மதம்னு எழுதியும் குடுத்தோம். இதுக்கு மேல என்ன செய்ய முடியும்? விசாரணைல கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. நாமளா வாயக் குடுத்து மாட்டிக்க வேண்டாம்” என்றார்.

விசாரணைக்கு முந்தின நாள் அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு அந்த வார்டுக்குப் போனார். பலகையின் கதவைத் திறந்தோம். கதவின் உள்பக்கம் பிளாஸ்திரி ஒட்டி, அதன்மேல் பால்பாயின்ட் பேனாவால் எழுதியிருந்தது: ‘கயிறு இழுத்தால் வாசல் விளக்கும் எரியணும். அதனால் இங்கே நில் போடவில்லை. தயவுசெய்து யாரும் போடாதீர்கள்.’ மை மங்கிப் பழுப்பேறியிருந்தது. அக்காவின் மொழியில் எழுத இடம் கிடைக்காததை, அந்த ஆள் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியில் எழுதி வைத்திருக்கிறார். பலகையை மாற்றிய எங்கள் ஆட்கள் உள்ளே இருந்ததை மட்டும் மாற்றிவிட்டு, பழைய கதவையே திரும்பப் பூட்டியிருக்கிறார்கள். அக்கா அந்த எழுத்தின்மேல் விரலை வைத்துக்கொண்டு அழுதார். நான் போனில் படம் எடுத்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

டீச்சரையும் பார்த்தோம். கட்டிலில் சாய்ந்திருந்தார். அக்கா, தான் யார் என்று சொல்லி, நடந்ததையும் சொன்னார். டீச்சர் திட்டவில்லை. “மணி அடிச்சது எனக்கே கேட்டுச்சும்மா. அதான் வராங்கன்னு நம்பி, கத்தாம இருந்தேன். மூணாங்கிளாஸ் பசங்கள முப்பது வருஷம் மேச்சவ. கத்தியிருந்தா அந்த வார்டே அதிர்ந்திருக்கும்” என்றார்.

மறுநாள் விசாரணை. நிர்வாக அதிகாரியின் அறை. நீள மேசைக்கு ஒருபுறம் அதிகாரியும் வார்டு சூப்பிரண்டும், மறுபுறம் மேனேஜர், அக்கா, நான். கதவோரம் போட்ட நாற்காலியில் அந்த எலக்ட்ரீஷியன். ஐம்பதைத் தாண்டியவர். இஸ்திரி போட்ட சட்டை. இரண்டு கைகளையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் படம் எடுக்க உட்கார்ந்தவர் போல இருந்தார். மேசையில் புதுக் கோப்பின் அச்சு மட்டும்தான் இருந்தது.

“பதினேழாவது வரில நில்னு இருக்கு. அதனாலதான் விளக்கு எரியல. நீங்க போட்டதுதானே?” என்றார் அதிகாரி.

“போட்ட ஞாபகம் இல்ல சார். போட்டிருக்க மாட்டேன்.” தாளைப் பார்த்தார். “ஆனா பேப்பர்ல இருக்கே.”

“பலகை மாத்தறதப் பத்தி கம்பெனிலேருந்து ஏதோ மெயில் வந்துச்சாமே, நீங்க ஏன் பாக்கல?”

“எனக்கு மெயில் ஐடியே கிடையாது சார்.”

“கோப்பு மேல உங்க பேர் இருக்கு. வேற யாரு போட்டிருப்பா?”

அவர் வாயைத் திறந்தார், மூடினார். மறுபடி தாளைப் பார்த்தார். தன் கையையே தான் நம்ப முடியாமல் அவர் விழித்த விழிப்பு இன்னும் எனக்கு மறக்கவில்லை. அதிகாரி பேனா மூடியைக் கழற்றினார்.

“பதில் இல்ல. ஒப்புக்கிட்டதா எடுத்துக்கறேன்.”

“எடுத்துக்காதீங்க சார்.”

அக்கா எழுந்து நின்றிருந்தார். மேனேஜர் அவர் முந்தானையைப் பிடித்து இழுக்காத குறைதான்.

“அவர் போடல. நான் போட்டேன். அவர் வேணும்னே விட்டிருந்த எடத்துல, அவரக் கேக்காம நான் போட்டேன்.” பையிலிருந்து பழைய பிரதியை எடுத்து வைத்தார். பிளாஸ்திரியின் படத்தை வைத்தார். “ஒரு வாரத்துல பதில் வரலைன்னா சம்மதம்னு மெயில்ல எழுதினதும் நான்தான். ஒருத்தர் பேசலைன்னா அவர் சரின்னு சொல்றார்னு அர்த்தமில்ல சார். அவர் காதுல விழாம இருந்திருக்கலாம். பயந்திருக்கலாம். யோசிச்சுக்கிட்டு இருக்கலாம். இப்ப அவர் பேசாததையும் அப்படி எழுதிராதீங்க.”

பிறகு கதவோரம் போய் நின்றார். “அண்ணே, என்னை மன்னிச்சிருங்க.”

அவர் அக்காவை நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

அவரை அடுத்த நாளே வேலைக்குத் திரும்பக் கூப்பிட்டார்கள். இருபத்தாறு நாள் வீட்டில் இருந்திருக்கிறார். எங்கள் பக்கம் நடந்தது அவ்வளவு சுலபமில்லை. அக்காவுக்கு எச்சரிக்கைக் கடிதம். குழுத் தலைவி என்ற பொறுப்பு போனது. பன்னிரண்டு வருஷமாக அவரிடம் வேலை கற்ற ஒருவருக்குக் கீழே உட்கார்ந்தார். மேனேஜர் இரண்டு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு அவரே, மீதி ஐம்பத்தேழு இடங்களையும் எழுதியவர்களைப் போனில் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னார். கேட்டோம். ஐம்பத்தேழும் மறதிதான். அதைக் கேட்டு அக்காவுக்கு ஆறுதல் வரவில்லை. “இப்பதான சரி ஆச்சு. அதுவரைக்கும் குருட்டாம்போக்கு” என்றார்.

அந்தக் குட்டி மொழியைத் திருத்துகிற வேலையை மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. எல்லோரும் ஒன்றைத்தான் சொன்னோம்: எழுதாவிட்டால் தானாக நிற்கும்படி மாற்றிவிடுங்கள், பல புது மொழிகள் அப்படித்தானே செய்கின்றன. அக்கா தலையாட்டவில்லை.

“எழுதலைன்னா போகும்னு நேத்து வெச்சேன். எழுதலைன்னா நிக்கும்னு இன்னிக்கு வெக்கச் சொல்றீங்க. ரெண்டுலயும் அவங்க பேசாம இருக்கறதுக்கு நானா ஒரு அர்த்தம் வெக்கறேன். எனக்கு அது வேண்டாம்.”

இப்போது அந்த மொழியில் ஒவ்வொரு நிலையும் ‘நில்’ அல்லது ‘தொடர்’ என்று முடிந்தாக வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் பலகை கோப்பையே வாங்கிக்கொள்ளாது. குறிப்பு எழுத இடமும் வந்துவிட்டது. பலகை திருப்பி அனுப்பும்போது திரையில் என்ன எழுத்து வர வேண்டும் என்று மேனேஜர் கேட்டார். ‘வரி தவறு’ என்று போடலாம் என்றார். அக்கா மறுத்துவிட்டார். திரையில் வருவது அவர் சிவப்புப் பென்சிலின் வாசகம்தான், கொஞ்சம் மரியாதை சேர்த்து: ‘இங்கே என்ன நினைத்தீர்கள்?’

வாடிக்கையாளர்கள் திட்டினார்கள். ஒரு சொல் கூடுதலாக அடிப்பதற்கு ஏதோ மலையைப் புரட்டச் சொன்னது போலப் புலம்பல். ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து, ‘நாங்கள் என்ன நினைத்தால் உங்கள் பலகைக்கு என்ன?’ என்றே கடிதம் வந்தது. அக்கா அதை மேசைக்கு மேலே ஒட்டி வைத்துக்கொண்டார்.

போன மாதம் அந்த எலும்பு முறிவு வார்டுக்குப் புது மொழி போட அக்காவும் நானும் போனோம். எலக்ட்ரீஷியன் அண்ணன் பலகை முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, தன் விதிகளைத் தானே அடித்தார். இரண்டு விரலால், ஒவ்வோர் எழுத்தையும் தேடித் தேடி. பழைய பழக்கத்தில் பதினேழாவது வரியைச் சும்மா விட்டார். திரை நின்று கேட்டது: ‘இங்கே என்ன நினைத்தீர்கள்?’ அவர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு ‘தொடர்’ என்று அடித்தார். எழுந்து போய் ஆளில்லாத குளியலறையில் கயிற்றை இழுத்தார். மணி அடித்தது. வாசலில் விளக்கு எரிந்தது. நர்ஸ் எட்டிப் பார்த்து, சோதனைதான் என்று தெரிந்ததும் கையசைத்துவிட்டுப் போனார்.

“இனிமே இந்த பிளாஸ்திரி வேண்டாம்ல?” என்று கேட்டேன்.

“அது பாட்டுக்கு இருக்கட்டும்” என்றார்.

கதவைப் பூட்ட ஸ்க்ரூ போட ஆரம்பித்தார். அக்கா பக்கத்திலேயே நின்றார். ஸ்க்ரூக்களைத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கொடுத்தார்.

“அண்ணே, அன்னிக்கு உங்ககிட்ட மன்னிப்பு கேட்டேன். நீங்க ஒண்ணும் சொல்லல.”

அவர் ஸ்க்ரூவை முடுக்கிக்கொண்டிருந்தார்.

“ஒண்ணும் சொல்லாததால மன்னிச்சிட்டீங்கன்னு நான் எடுத்துக்கல. இன்னி வரைக்கும் எடுத்துக்கல. என்னவா இருந்தாலும் நீங்க சொல்லுங்க.”

கடைசி ஸ்க்ரூவும் உள்ளே போனது. ஸ்க்ரூ டிரைவரைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். பிறகுதான் பேசினார்.

“வீட்ல உக்காந்திருந்தேன்ல, அப்ப எம்பொண்ணு கேட்டா, ‘நீ என்னப்பா பண்ணுன?’ன்னு. நான்தான் தப்பா போட்டுட்டேன்போலன்னு அவகிட்ட சொன்னேன். பண்ணாதத பண்ணேன்னு நானே நம்பிட்டேன்மா.” பூட்டிய கதவை ஒருமுறை தடவினார். “இன்னும் ஆறல.”

“சரிண்ணே” என்றார் அக்கா. அவர் முகம் தெளிவாக இருந்தது.

“கேட்டீங்க, சொன்னேன்.”

“அதுக்குத்தான் கேட்டேன்.” உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டார். “மறுபடியும் எப்ப கேக்கலாம்?”

அவர் யோசித்தார். நாங்கள் இருவரும் காத்திருந்தோம். இந்தத் தடவை இடையில் புகுந்து யாரும் எதையும் முடித்து வைக்கவில்லை.

“ஆறு மாசத்துல சர்வீஸுக்கு வருவீங்கள்ல. அப்பக் கேளுங்க” என்றார்.

அக்கா பையிலிருந்து டைரியை எடுத்தார். சர்வீஸ் தேதியைத் தேடி, சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டார்.